வீட்டை ஒட்டிய பெரிய மரத்தை இறக்குவது எப்படி

மிஷின் ரம்பமும் கொடுவாளும் இருந்தால் மரத்தை யார் வேண்டுமானாலும் வெட்டிவிடலாம். வெட்டின துண்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் மேலும், சர்வீஸ் ஒயரின் மேலும், பக்கத்து வீட்டுக்காரர் பைக்கின் மேலும் விழாமல் தரைக்கு வர வேண்டும். அதற்குத்தான் ஆள் தேவை. நான் சென்னை பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ் ரயில்வே பட்டறையில் கலாசியாக இருந்து ஓய்வு பெற்றவன். ஸ்லிங் போடுவது, பாரம் தூக்குவது, இறக்குவது, இதுதான் என் பிழைப்பாக இருந்தது. அதனால் செம்பியம், அகரம் பக்கம் யார் வீட்டில் மரம் எடுத்தாலும் "அண்ணே, கொஞ்சம் வந்து நில்லுங்க" என்பார்கள். நான் மரம் ஏறுகிறவன் இல்லை, கீழே நின்று கயிறு பார்க்கிறவன். அந்த இடத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

எடுக்கத்தான் வேண்டுமா?

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்ததிலிருந்து நம் ஆட்களுக்குப் பெரிய மரம் என்றாலே ஒரு பயம். அன்று வேரோடு சாய்ந்ததில் குல்மோஹர், மஞ்சள் பூ பூக்கும் இயல்வாகை, தூங்குமூஞ்சி எல்லாம் நிறைய. எங்கள் பக்கத்து வேம்புகள் பெரும்பாலும் கிளை முறிந்ததோடு தப்பித்தன. ஆகவே முதலில் என்ன மரம் என்று பாருங்கள். அப்புறம் அடிமரத்தைச் சுற்றி வாருங்கள். ஒரு பக்கம் மண் வெடித்து மேலே தூக்கியிருந்தால் வேர் பிடி விட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அடியில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருந்தால் உள்ளே உளுத்துக்கொண்டிருக்கிறது. சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் பொந்து இருக்கும் இடத்தில் சத்தம் மாறும்.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. தெருவில் மழைநீர் வடிகாலுக்கோ குழாய்க்கோ பள்ளம் தோண்டும்போது ரோட்டுப் பக்கத்து வேரை அறுத்திருப்பார்கள். மரம் பச்சைப்பசேல் என்றுதான் நிற்கும். ரோட்டுப் பக்கமிருந்து காற்று வந்தால் பிடித்திழுக்க அங்கே வேர் இருக்காது, வீட்டுப் பக்கம் சாயும். அப்படிப்பட்ட மரத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

மண்ணையும் பாருங்கள். தண்டையார்பேட்டை, கடலோரமெல்லாம் மணல். பெரம்பூர், கொளத்தூர் பக்கம் களிமண். களிமண்ணில் பெரிய மரம் உறிஞ்சிக்கொண்டிருந்த தண்ணீர், மரத்தை எடுத்ததும் மண்ணிலேயே தங்கும். மண் உப்பி, பழைய சுவரில் விரிசல் விடலாம். அடித்தளம் ஆழமில்லாத பழைய வீடு, கூடவே வீட்டைவிட வயதான மரம் என்றால், ஒரு சிவில் இன்ஜினியரைக் கூட்டிவந்து காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

இரண்டு கிளைதான் தொந்தரவு என்றால் அந்த இரண்டை மட்டும் எடுத்தால் போதும். அதற்காக மரத்தை மொட்டை அடிக்காதீர்கள். மொட்டை அடித்த இடத்தில் கொத்தாகக் கிளம்பும் புதுக்கிளைகள் மேல்பட்டையில் ஒட்டிக்கொண்டு நிற்பவை. நாலைந்து வருஷத்தில் கனத்து, காற்றில் பிய்த்துக்கொண்டு வரும்.

இன்னொன்று: அடியில் ஓட்டை போட்டுப் பெருங்காயம் வைத்தால், ஆசிட் ஊற்றினால் மரம் பட்டுப்போகும், அப்புறம் சுலபமாக எடுக்கலாம் என்று யோசனை சொல்பவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். பட்ட மரம்தான் எடுப்பதற்கு ரொம்ப ஆபத்து. கிளை எப்போது முறியும் என்று தெரியாது, கயிறு போட நம்பிக்கையான கவட்டை இருக்காது, நல்ல ஆள் ஏறவே மாட்டார். எடுப்பதாக இருந்தால் உயிரோடு இருக்கும்போதே எடுங்கள்.

அனுமதியும் கரண்டும்

தெருவில் நிற்கும் மரம் மாநகராட்சியுடையது. உங்கள் வாசலில் நிற்கிறது என்பதால் நீங்கள் கை வைக்க முடியாது. 1913-க்குப் போன் செய்து புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். பொது இடத்து மரத்தை முழுதாக எடுக்கப் பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்பதால் நாளாகும். காம்பவுண்டுக்கு உள்ளே இருக்கும் மரமானாலும் மண்டல அலுவலகத்தில் பூங்காத் துறைக்கு ஒரு மனு கொடுத்து, போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாதி வெட்டின பிறகு யாராவது வந்து நிறுத்தினால், நட்டநடுவில் தொங்கும் கிளை உங்கள் தலைமேல்தான் இருக்கும்.

கரண்டு விஷயத்தில் வாய்ப்பேச்சு உதவாது. திருவொற்றியூர், மணலி, மாதவரம் பக்கம் பல தெருக்களில் லைன் இன்னும் தலைக்கு மேல்தான் போகிறது. கிளை ஒயரைத் தொட வாய்ப்பிருந்தால், மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கு நேரில் போய் நாளும் நேரமும் சொல்லி லைனை நிறுத்தச் சொல்லுங்கள். அவசரம் என்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987. வீட்டு மெயினை அணைத்தால் போதாது. சர்வீஸ் ஒயரில் கம்பத்திலிருந்து வரும் கரண்டு மீட்டர் வரை இருந்துகொண்டேதான் இருக்கும். லைன்மேன் வந்து நிறுத்தியதைக் கண்ணால் பார்க்காமல் மரத்தில் ஆளை ஏற்றக் கூடாது.

நீங்களே செய்யலாமா?

தரையில் இரண்டு காலும் ஊன்றி நின்று எட்டுகிற, மணிக்கட்டுப் பருமன் உள்ள கிளையை நீங்களே கைரம்பத்தால் அறுக்கலாம். முருங்கை, பப்பாளி என்றால் இன்னும் கொஞ்சம் பருமனானதையும் அறுக்கலாம். ஏணி தேவைப்பட்டால் அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏணியில் நின்றுகொண்டு மிஷின் ரம்பம் பிடிப்பதும், அதைத் தோளுக்கு மேல் தூக்குவதும் வேண்டவே வேண்டாம். ரம்பத்தின் நுனி எதிலாவது பட்டால் மிஷின் முகத்தை நோக்கி எகிறும், சுதாரிக்க நேரமே இருக்காது.

எவ்வளவு கனம் என்பதை நம்மவர்கள் எப்போதும் குறைத்தே மதிப்பார்கள். ஒரு அடி விட்டம், பத்தடி நீளமுள்ள கிளை கிட்டத்தட்ட 8 கன அடி. பச்சை மரம் கன அடிக்கு 25 கிலோ என்று வையுங்கள், 200 கிலோ வரும். நாலு மூட்டை சிமென்டை மாடியிலிருந்து ஷீட்டின் மேல் தள்ளிவிடுவீர்களா? கட்டின கயிறு தொய்வாக இருந்து, அந்தக் கிளை ரெண்டடி விழுந்து டக்கென்று நின்றால், கயிறு தாங்க வேண்டியது 200 கிலோ அல்ல, அதைப்போலப் பல மடங்கு.

ஆளைப் பார்க்கும் முன் கயிற்றைப் பாருங்கள்

கூலி பேசும்போது, "எவ்வளவு நாளாச்சு இந்தத் தொழில்ல?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். நான் "கயித்தைக் காட்டுப்பா" என்பேன். முறுக்கைப் பிரித்து உள்ளே பார்ப்பேன். வெயிலில் கிடந்து உளுத்த கயிறு வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே தூளாக உதிரும். முடிச்சு விழுந்த இடத்தில் கயிற்றின் பலம் பாதிவரை குறையும் என்பதால், நடுவில் ஒட்டுப்போட்ட கயிற்றை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கட்டைவிரல் பருமனில் நல்ல நைலான் கயிறு காசிமேட்டிலும் மண்ணடியிலும் கிடைக்கும். நீங்களே வாங்கிக் கொடுத்தால்கூட நஷ்டமில்லை, பிறகு மொட்டை மாடிக்கு உதவும்.

மேலே ஏறுகிறவருக்கு பெல்ட் இருக்கிறதா, அவருடைய உயிர்க்கயிறும் கிளை இறக்கும் கயிறும் தனித்தனியா என்று பாருங்கள். ஒரே கயிற்றில் ரெண்டையும் ஒப்பேற்றுகிறவர்களை அனுப்பிவிடுங்கள். அடிபட்டால் யார் பார்ப்பது, சுவர் உடைந்தால் யார் கட்டுவது, தழையை யார் வாரிப் போவது, மரம் யாருக்கு என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வேம்பு, பூவரசு போல விலை போகும் மரமாக இருந்தால் கூலியில் கழித்துக்கொள்வார்கள். முருங்கைக்கு யாரும் ஒரு ரூபாய்கூடக் குறைக்க மாட்டார்கள்.

ஹைட்ரா கிரேன் வண்டி வைத்துத் தூக்கலாம் என்பார்கள். அகலமான தெருவில் நல்ல யோசனைதான். பழைய வண்ணாரப்பேட்டை சந்துக்குள் வண்டியே திரும்பாது. திரும்பினாலும் சக்கரம் தரைக்கடியில் உள்ள தண்ணீர் சம்ப் மேலும் வடிகால் மூடி மேலும் ஏறாமல் வழி இருக்கிறதா என்று முதலில் நடந்து பாருங்கள்.

வேலை நாளன்று

தை முதல் பங்குனிக்குள் வைத்துக்கொண்டால் நல்லது. மழை ஓய்ந்திருக்கும், காக்காய் கூடு கட்டியிருக்காது. ஆடிக் காற்றில் வேண்டாம். காலை வெளிச்சம் வந்ததும் ஆரம்பித்தால் மதியம் கடற்காற்று கிளம்புவதற்குள் உச்சி வேலை முடிந்துவிடும். குளவிக் கூடு இருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். மரத்தில் அடித்த பழைய விளம்பர ஆணி, கொடிக் கம்பி எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். ரம்பத்தின் பல்லில் மாட்டினால் செயின் அறுந்து பறக்கும்.

இறக்கும் முறை இதுதான். எடுக்கப்போகும் கிளைக்கு மேலே உறுதியான கவட்டை ஒன்றில் கயிற்றைப் போட்டு, ஒரு முனையைக் கிளையில் கட்ட வேண்டும். மறு முனை கீழே வந்து அடிமரத்தில் இரண்டு மூன்று சுற்று சுற்ற வேண்டும். சுற்றின் உராய்வுதான் பாரத்தைத் தாங்கும், பிடித்திருப்பவர் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தால் போதும். அவர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, கிளைக்கு நேர் கீழேயும் நிற்கக் கூடாது. கிளையின் நுனியில் ஒரு வழிக்கயிறு கட்டி இன்னொருவர் பிடித்தால்தான் அது ஆடிப்போய் ஜன்னலை உடைக்காது.

அறுக்கும்போது முதலில் அடிப்பக்கம் கால் பங்கு, அப்புறம் சில அங்குலம் நுனிப்பக்கம் தள்ளி மேலிருந்து. அடிவெட்டு இல்லாமல் மேலிருந்து மட்டும் அறுத்தால் கிளை பட்டையை உரித்துக்கொண்டு, ஏறி நிற்பவர் பக்கமே வந்து மோதும்.

கீழே குரல் கொடுக்க ஒரே ஆள். பட்டறையில் "ஆரியா" என்று ஒருவர் சொன்னால்தான் பாரம் இறங்கும். பத்துப் பேர் பத்துச் சொன்னால் கிரேன்காரர் எதையும் கேட்க மாட்டார். இங்கே மாமா, மச்சான், பக்கத்து வீட்டுத் தாத்தா எல்லோரும் யோசனை சொல்வார்கள். தெருமுனையில் குறுக்கே கயிறு கட்டி, எல்லோரையும் அதற்கு அப்பால் நிறுத்துங்கள். மெட்ராஸ் டெரஸ் வீடாக இருந்தால் மாடியில் துண்டை இறக்கிவைக்கவே கூடாது. தேக்கு விட்டத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும்தான் அங்கே தளம்.

கிளையெல்லாம் போனபின் தண்டை மேலிருந்து ரெண்டு மூன்றடித் துண்டாக எடுத்துக்கொண்டே வர வேண்டும். முழுத் தண்டையும் ஒரேயடியாகச் சாய்க்க, மரத்தின் உயரத்தைப்போல் ரெண்டு மடங்கு வெற்றிடம் வேண்டும். வட சென்னையில் அப்படி இடம் உள்ளவர்கள் இதைப் படிக்கவே வேண்டியதில்லை.

தென்னை தனி ரகம். உச்சியை விட்டால் கயிறு போட அதில் கவட்டையே கிடையாது. சிவப்புக் கூன்வண்டு குடைந்த தென்னை வெளியே நன்றாக இருக்கும், உள்ளே கூழாகியிருக்கும். தண்டில் ஓட்டையும், அதிலிருந்து வழிந்த பழுப்புச் சாறும் தெரிந்தால் யாரையும் ஏற விடாதீர்கள். தெருவுக்குள் ஏணி வண்டி வருமா என்று பாருங்கள்.

அடிக்கட்டை

சுவரிலிருந்து தள்ளி இருந்தால் சுற்றித் தோண்டி, வேரை அறுத்து எடுக்கலாம். சுவரை ஒட்டியிருந்தால் தோண்ட வேண்டாம். தரைமட்டத்துக்கு அறுத்துவிட்டு, வரும் துளிரைக் கிள்ளிக்கொண்டே இருங்கள். வேம்பும் பூவரசும் முயற்சி செய்து பார்த்துவிட்டு ஓயும். அரச மரம் அவ்வளவு சீக்கிரம் விடாது, ஒவ்வொரு மழைக்கும் எட்டிப் பார்க்கும். தோண்டுவதற்கு முன் மெட்ரோ வாட்டர் குழாயும் கழிவுநீர்க் குழாயும் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேர் அவற்றைச் சுற்றிக்கொண்டிருந்தால், இழுக்கும்போது குழாயும் சேர்ந்து வரும். குழியில் மண்ணை அரையடி அரையடியாகப் போட்டு, தண்ணீர் விட்டு இடித்து, கொஞ்சம் மேடாகவே விடுங்கள். ஐப்பசி மழையில் அது எப்படியும் இறங்கும், அப்போது போடுவதற்கு நாலு கூடை மண் ஓரமாக வைத்திருங்கள்.