படபடப்பு வந்தால் அந்த இசிஜி தாளை விடாதீர்கள்

என் இதயம் நிமிடத்துக்கு 210 முறை துடித்ததற்கு ஒரே ஒரு சாட்சி இருந்தது. 2001-ஆம் ஆண்டில் ஓர் இரவு, கும்பகோணத்தில் ஒரு சிறிய மருத்துவமனையில் எடுத்த இசிஜி தாள். தஞ்சாவூரில் பெரிய மருத்துவரிடம் காட்டப் போகிறோமே, கசங்கிவிடக் கூடாது என்று அப்பா அதைப் பேருந்து நிலையத்துக்கு எதிரிலிருந்த கடையில் கொடுத்து லேமினேஷன் செய்தார். இயந்திரத்திலிருந்து வெளியே வந்தபோது அது முழுக்கக் கறுத்துப்போயிருந்தது. இசிஜி பெரும்பாலும் சூடு பட்டால் கறுக்கும் தாளில்தான் அச்சாகிறது. எங்கள் வீட்டில் அது யாருக்கும் தெரியாது.

தஞ்சாவூர் மருத்துவர் அமைதியாக இருந்த நேரத்தில் வேறொரு இசிஜி எடுத்தார். “பயந்த சுபாவம், தேர்வு வேறு நெருங்குகிறது” என்று சொல்லிப் பதற்றத்துக்கு மாத்திரை எழுதினார். எனக்கு இருந்தது பதற்றம் இல்லை. பிறக்கும்போதே இதயத்தில் இருந்த ஒரு கூடுதல் மின்பாதை. உல்ஃப்-பார்க்கின்சன்-ஒயிட் நோய், சுருக்கமாக டபிள்யூ.பி.டபிள்யூ. அது தெரியவர மேலும் 8 ஆண்டுகள் ஆயின. உங்கள் வீட்டில் யாருக்காவது திடீர்ப் படபடப்பு வருமானால் அப்படி ஆண்டுகள் வீணாகக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இதயத்தின் மேலறைகளிலிருந்து கீழறைகளுக்கு மின்னோட்டம் இறங்க ஒரே வழிதான் இருக்க வேண்டும். ஏ.வி. கணு என்பது அந்த வழியில் உள்ள மடை. மின்னோட்டத்தைக் கிட்டத்தட்ட பத்தில் ஒரு வினாடி தேக்கிவைத்துப் பிறகே கீழே விடும். மற்ற இடமெல்லாம் மின்னோட்டம் கடக்க முடியாத நார்த்திசு, வயலைச் சுற்றிய வரப்பு மாதிரி. கரு வளரும்போது மேலறையையும் கீழறையையும் இணைக்கும் தசை இழைகள் இருக்கும். வரப்பு உருவாகும்போது அவை அற்றுப்போக வேண்டும். சிலருக்கு ஓர் இழை அறாமல் நின்றுவிடுகிறது. எங்கள் பக்கத்துக்காரர்களிடம் நான் இதை வரப்பில் விழுந்த நண்டு வளை என்றுதான் சொல்வேன். மடை திறக்கும் முன்பே வளை வழியாக அடுத்த வயலில் ஈரம் பரவிவிடும். இசிஜியில் தெரியும் அந்த முந்திய ஈரத்துக்கு டெல்டா அலை என்று பெயர். மடை வழியாக இறங்கியது வளை வழியாக மேலேறி, மறுபடி மடைக்கே வந்து சுற்ற ஆரம்பித்தால் அதுதான் படபடப்பு.

ஏறக்குறைய ஆயிரம் பேரில் ஒன்று முதல் மூன்று பேருக்கு இந்த அடையாளம் இருக்கிறது. பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. என்னைச் சுமந்தபோது கிரகணத்தன்று வாசலுக்கு வந்துவிட்டேன் என்று அம்மா பல வருடங்கள் தன்னையே நொந்துகொண்டார். தாய்மார்கள் யாரும் அப்படி நினைக்க வேண்டாம். நீங்கள் செய்த எதனாலும் இது வரவில்லை.

இதைப் பதற்றத்திலிருந்து பிரித்தறிய, தொடக்கத்தையும் முடிவையும் கவனியுங்கள். எனக்கு முதல்முறை வந்தது 14 வயதில், அடிபம்பிலிருந்து குடத்தைத் தூக்க குனிந்து நிமிர்ந்தபோது. ஒரு துடிப்பு இயல்பானது, அடுத்த துடிப்பே ஓட்டம். நிற்கும்போதும் அப்படித்தான், விளக்கை அணைத்தது போல ஒரே கணத்தில் நின்றது. பயத்தால் வரும் படபடப்பு மெல்ல ஏறி மெல்ல இறங்கும். முடிந்தபின் அடிக்கடி சிறுநீர் வந்தது. அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதுவும் ஒரு தடயம். எண்ணிப் பார்க்க முடிந்தால் மணிக்கட்டில் வேண்டாம், அந்த வேகத்தில் நாடி நழுவிவிடும். வேறொருவர் உங்கள் மார்பில் காதை வைத்து 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கட்டும். 150-க்கு மேல், 250 வரைகூட வரலாம். தொடங்கிய நேரம், நின்ற நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம், துடிப்பு சீராக இருந்ததா தாறுமாறாக இருந்ததா, இவற்றைக் குறித்துவையுங்கள். கைக்குழந்தை சொல்லாது. பால் குடிக்க மறுத்து, வெளிறி, வியர்த்து, வேகமாக மூச்சு வாங்கினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

முன்பே நோய் உறுதியாகி, மருத்துவர் அனுமதித்திருந்தால் வீட்டில் செய்யக்கூடிய ஒன்று உண்டு. 10 மில்லி சிரிஞ்சு ஒன்றை, ஊசி இல்லாமல், அலமாரியில் வைத்திருங்கள். தலையணையில் பாதி சாய்ந்து உட்கார்ந்து, சிரிஞ்சின் முனையை வாயில் வைத்து, உள்ளிருக்கும் தண்டு சற்றே நகரும் அளவுக்கு 15 வினாடி விடாமல் ஊத வேண்டும். ஊதி முடித்த கையோடு மல்லாந்து படுக்க, பக்கத்தில் இருப்பவர் இரண்டு கால்களையும் 45 பாகை உயரத்துக்குத் தூக்கி 15 வினாடி பிடித்திருக்க வேண்டும். வெறுமனே ஊதுவதைவிடக் கால் தூக்குவதும் சேர்ந்தால் பலன் அதிகம். 2015-இல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வில் 17 சதவீதமாக இருந்த வெற்றி 43 சதவீதமானது. என் தங்கைக்கு இதைப் பலமுறை ஒத்திகை பார்த்துச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அவசரத்தில் படித்துச் செய்ய முடியாது. கழுத்து நரம்பை அழுத்துவது, கண்ணை அழுத்துவது எல்லாம் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தாறுமாறான அதிவேகத் துடிப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் சிரிஞ்சைத் தேடாதீர்கள். 108-ஐ அழையுங்கள். நீங்களே வண்டி ஓட்டிப் போகாதீர்கள்.

நினைவோடு, பேசும் நிலையில் போய்ச் சேர்ந்தால் முதலில் கேட்க வேண்டியது: “ஊசி போடும் முன் ஒரு இசிஜி எடுத்துவிடுங்கள், டாக்டர்.” தயங்காமல் கேளுங்கள், நல்ல மருத்துவர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். எனக்கு அன்று போட்ட ஊசி சில வினாடிகள் நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்ததைப் போல அழுத்தியது, பிறகு துடிப்பு அடங்கியது. அந்தச் சில வினாடிகளும் தாளில் ஓடியிருந்தால் எவ்வளவோ தெரிந்திருக்கும். எனவே ஊசி போடும்போது இயந்திரம் ஓடட்டும். நின்றபின் முழுதாக இன்னொன்று எடுக்கட்டும். மூன்றையும் கேட்டு வாங்குங்கள். அங்கேயே நல்ல வெளிச்சத்தில் வைத்துத் தொலைபேசியில் படம் எடுங்கள், தேதியும் பெயரும் தெரியும்படி. பிறகு ஒரு ஒளிநகல். லேமினேஷன் வேண்டாம், வெயிலில் காரில் போட்டுவைக்க வேண்டாம். தொடாமல் வைத்திருந்தாலே இந்தத் தாள் சில ஆண்டுகளில் மங்கிவிடும்.

படபடப்பு நேரத் தாள் ஏன் அவ்வளவு முக்கியம்? சிலருக்கு வளை கீழிருந்து மேலே மட்டும் கடத்தும். அவர்களுக்கு அமைதியான நேரத்து இசிஜி முற்றிலும் இயல்பாக இருக்கும். டெல்டா அலையே தெரியாது. சிலருக்கு அது ஒரு நாள் தெரியும், மறுநாள் மறையும்.

எனக்கு அது எப்போதும் தெரிந்துகொண்டுதான் இருந்தது. 2009-இல் பித்தப்பைக் கல் அறுவைக்கு முன் இசிஜி எடுத்த பெண்மணி, தாளைக் கிழித்துக் கொடுக்காமல் நின்றார். “இங்கே பாரும்மா, இந்தக் கோடு செங்குத்தாக ஏற வேண்டும். உனக்கு அடியில் சரிந்து ஏறுகிறது” என்று விரல்நகத்தால் காட்டினார். ஒரு சிறு கட்டம் 40 மில்லி வினாடி. முதல் சிறு மேட்டின் தொடக்கத்திலிருந்து பெரிய கோட்டின் தொடக்கம் வரை உள்ள தூரம்தான் பி.ஆர். இடைவெளி, அது குறைந்தது மூன்று கட்டங்கள் இருக்க வேண்டும். எனக்கு இரண்டரைகூட இல்லை. வீட்டுக்கு வந்து இரும்புப் பீரோவிலிருந்து தஞ்சாவூரில் எடுத்த பழைய தாளை எடுத்தேன். பழுப்பேறியிருந்தது. ஆனால் அதே சரிவு அதிலும் இருந்தது. உங்கள் மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள்: “பி.ஆர். இடைவெளி எவ்வளவு? டெல்டா அலை இருக்கிறதா?” இயந்திரம் தானாக அச்சிடும் வாசகத்தை மட்டும் நம்பாதீர்கள், டபிள்யூ.பி.டபிள்யூ.வைப் பழைய மாரடைப்பு என்றுகூட அது தவறாகச் சொல்லிவிடும்.

டெல்டா அலை இருக்கிறது, ஆனால் படபடப்பே வந்ததில்லை என்பவர்களும் மின்உடலியங்கியல் நிபுணரை, அதாவது இதய மின்னோட்டத்தை மட்டுமே பார்க்கும் மருத்துவரை, ஒருமுறை சந்தித்துவிடுங்கள். மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் வந்தால், மடை தேக்கிவைப்பதை வளை தேக்காது. அத்தனையும் கீழறைக்குப் பாயும். உயிருக்கு ஆபத்து வருவது அந்த வழியில்தான். அரிதுதான், ஆனாலும் ஓடியாடும் பிள்ளைகள் விஷயத்தில் நான் அரிது என்ற சொல்லோடு நின்றுவிட மாட்டேன். நடைப்பயிற்சி இயந்திரச் சோதனையில் வேகம் ஏறும்போது டெல்டா அலை சட்டென மறைந்தால் ஆபத்து குறைவு என்பார்கள்.

அப்படி ஒழுங்கற்ற, இசிஜியில் அகலமாகத் தெரியும் துடிப்பு வந்த நேரத்தில் வெரபமில், டில்டியாசெம், டிகாக்சின், அடினோசின் போன்ற மருந்துகள் நிலைமையை மோசமாக்கலாம். நோயின் பெயரையும் இந்த எச்சரிக்கையையும் உங்கள் மருத்துவர் கையாலேயே ஒரு சிறு அட்டையில் எழுதி வாங்கி, அமைதியான நேரத்து இசிஜியின் ஒளிநகலோடு பர்ஸில் வையுங்கள். என் அட்டை ஆசிரியர் அடையாள அட்டைக்குப் பின்னால் இருந்தது.

1930-இல் பாஸ்டனின் உல்ஃபும் ஒயிட்டும், லண்டனின் பார்க்கின்சனும் ஆரோக்கியமான 11 இளைஞர்களிடம் இந்த விசித்திர இசிஜியைக் கண்டு எழுதியபோது இதற்குத் தீர்வு கிடையாது. 1968-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வடகரோலினா மீனவர் ஒருவருக்கு மார்பைத் திறந்துதான் அந்த இழையை வெட்டினார்கள். எனக்கு மார்பைத் திறக்கவில்லை. தொடையிடுக்கில் மரத்துப்போகும் ஊசி, இரத்தநாளம் வழியாக மெல்லிய கம்பிகள், கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் மருத்துவர்கள். முதலில் படபடப்பை வேண்டுமென்றே வரவழைத்தார்கள். அதுதான் பயமாக இருந்தது, முன்பே தெரிந்திருந்தால் பாதி பயம் குறைந்திருக்கும். வளையின் இடத்தைக் கண்டுபிடித்ததும் கம்பியின் நுனியைச் சூடாக்கி அந்த இழையைச் சுட்டார்கள். நெஞ்சுக்குள் ஒரு வெதுவெதுப்பு. சில வினாடிகளில் “போய்விட்டதும்மா” என்றார் மருத்துவர். தலையைத் திருப்பினேன். திரையில் கோடு செங்குத்தாக ஏறிக்கொண்டிருந்தது.

இப்படிச் சுடும் சிகிச்சைக்கு அப்லேஷன் என்று பெயர். அதற்கு ஒப்புக்கொள்ளும் முன் கேளுங்கள்: பாதை இடப்பக்கமா வலப்பக்கமா, ஏ.வி. கணுவுக்கு எவ்வளவு அருகில்? மிக அருகில் என்றால் மடையே சேதமாகிப் பேஸ்மேக்கர் தேவைப்படும் அபாயம் சிறிது உண்டு. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முதல் தடவையிலேயே சரியாகிவிடுகிறது. சிலருக்குப் பாதை திரும்ப முளைத்து இரண்டாம் முறை செய்ய வேண்டியிருக்கும். மருத்துவமனையின் காப்பீட்டு அலுவலகத்தில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் பற்றிச் சேரும் முன்பே விசாரியுங்கள். முடிந்தபின் சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். அடுத்த சில வாரங்களில் இதயம் ஒரு துடிப்பைத் தவறவிட்டது போலத் தோன்றும். எனக்கு ஒவ்வொரு முறையும் திரும்பி வந்துவிட்டதோ என்று கண்ணீர் வந்தது. ஓட்டமாகத் தொடராத வரை அது பழைய நோய் இல்லை.

அப்லேஷனுக்குப் பிந்தைய முதல் இசிஜியையும் கேட்டு வாங்கிவிடுங்கள். இனி எந்த ஊரில் எந்த மருத்துவரைப் பார்த்தாலும் ஒப்பிட அதுதான் தேவைப்படும். என் கோப்பில் அது மேலே இருக்கிறது, அடியில் பழுப்பேறிய தஞ்சாவூர்த் தாள், அதற்கும் அடியில் அப்பா செய்துகொடுத்த கறுப்பு லேமினேஷன்.