திருகோணமலையில் காணி, வீடு வாங்குவோர் விலையைக் கணிப்பதில் விடும் தவறுகள்

நிலாவெளி வீதியில் நான் அடிக்கடி கடந்து செல்லும் ஒரு வெறுங்காணியின் வேலியில் 'காணி விற்பனைக்கு' என்ற தகரப் பலகை தொங்குகிறது. ஒரு பேர்ச்சின் (நம் நாட்டில் காணியை அளக்கும் அலகு) விலையை உரிமையாளர் இதுவரை மூன்று முறை மாற்றி எழுதியிருக்கிறார். வெள்ளைப் பூச்சுக்கு அடியில் பழைய இலக்கங்கள் இன்னும் மங்கலாகத் தெரிகின்றன. உப்புக்காற்றில் முட்கம்பி துருவேறிவிட்டது, காணி விற்கப்படவில்லை. ஆயினும் அந்தப் பலகையைக் காட்டியே இந்தப் பக்கம் விலை ஏறிவிட்டது என்று தரகர்கள் பேசுகிறார்கள். அதைக் கேட்டுப் பக்கத்துக் காணிக்காரரும் தமது விலையை உயர்த்துகிறார். கேட்கும் விலையை விற்ற விலையாக எடுத்துக்கொள்வதே நம்மிடையே மிகப் பரவலான தவறு. அண்மையில் காணி வாங்கி உறுதி (உரிமைப் பத்திரம்) முடித்த அயலவர், அந்தப் பகுதியில் உறுதி எழுதும் நொத்தாரிசு, வங்கிக்காக மதிப்பீடு செய்பவர் ஆகியோரிடம் விசாரிக்காமல் எந்த விலையையும் நம்பக்கூடாது. மத்திய வங்கியின் காணி விலைச் சுட்டெண்ணும் கொழும்பு மாவட்டத்துக்கு உரியது. அதை உப்புவெளிக்கோ உவர்மலைக்கோ பொருத்திப் பார்ப்பதில் பயனில்லை.

அடுத்த தவறு, ரூபாயின் வீழ்ச்சியைக் காணியின் வளர்ச்சி என்று எண்ணுவது. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதமாக இருந்தது. அதற்கு முந்திய செப்டம்பரில் 50 இலட்சம் பெறுமதியான ஒரு காணி, ஓராண்டின் பின் 85 இலட்சத்துக்குப் போயிருந்தால், உரிமையாளர் இலாபம் எதுவும் அடையவில்லை, இருந்த இடத்திலேயே நின்றார் என்பதே பொருள். டொலரில் கணக்கிட்டாலும் இதுவே தெரியும். 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டதால், வெளிநாட்டிலுள்ள உறவினருக்கு நமது காணி மலிவாகத் தெரிந்தது. அவர்கள் அனுப்பிய பணத்தால் ஏறிய விலையை, உள்ளூரில் சம்பளம் வாங்குபவர் தமது வருமானத்துக்கு ஏற்ற விலை என்று கருதினால் கடனில்தான் முடியும்.

கனடாவிலுள்ள என் ஒன்றுவிட்ட தம்பி உவர்மலையில் இரண்டு கோடி ரூபாய்க்கு ஒரு வீடு வாங்கலாமா என்று கேட்டான். அந்தத் தெருவில் அத்தகைய வீட்டுக்கு வாடகை எவ்வளவு என்று விசாரிக்கச் சொன்னேன். மாதம் 40,000 ரூபாய் என்று தெரிந்தது. ஆண்டுக்கு 4,80,000 ரூபாய், அதாவது போட்ட பணத்தில் 2.4 சதவீதம். திருத்தவேலை, வரி எதையும் கழிக்காமலே போட்ட முதல் திரும்பி வர நாற்பது ஆண்டுகளுக்கு மேல் செல்லும். அங்கு குடியிருக்க வரும் எண்ணம் அவனுக்கு இல்லை; ஆகவே மேலும் கூடிய விலை கொடுக்க இன்னொருவர் வருவார் என்ற எதிர்பார்ப்பு மட்டுமே அந்த விலையைத் தாங்கி நிற்கிறது. விலைக் குமிழி என்று சொல்லப்படுவது இதைத்தான்.

அபிவிருத்திச் செய்திகளை நம்பி முந்திக்கொண்டு வாங்குவதும் ஆபத்தானது. சம்பூர் அனல்மின் நிலையத்துக்காக 2011இல் கூட்டு நிறுவனம் அமைக்கப்பட்டது. 2016இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள் பற்றிய ஒப்பந்தம் 2022 ஜனவரியில் கைச்சாத்தானது. துறைமுகத்தைச் சூழ்ந்த நம் ஊரில் இத்தகைய அறிவிப்புகளுக்குக் குறைவில்லை, ஆனால் அறிவிப்புக்கும் வேலைவாய்ப்புக்கும் இடையில் பல ஆண்டுகள் கழியக்கூடும்.

குமிழி உடைந்தால் விலை சரிவது கண்ணுக்குத் தெரியும் என்று காத்திருப்பதும் பிழை. அமெரிக்காவில் 2006இல் உச்சம் தொட்ட வீட்டு விலை 2012க்குள் கால் பங்குக்கு மேல் இறங்கியதை அங்குள்ள சுட்டெண்கள் மாதந்தோறும் காட்டின. நம் ஊரில் பலகையிலுள்ள விலை இறங்குவதில்லை, வாங்க வருபவர்தான் இல்லாமல் போகிறார். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி, வங்கிகளின் கடன் வட்டிக்கு அடிப்படையாகும் கொள்கை வட்டி வீதங்களை ஒரே அறிவிப்பில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியபோது, கடன் பெற்று வாங்குவோர் பின்வாங்கினர். மகளின் திருமணத்துக்கோ சத்திரசிகிச்சைக்கோ உடனே விற்க வேண்டியவருக்கு மட்டுமே அப்போது உண்மை விலை தெரியவரும்.

ஒப்பிடும்போது காணியின் உரித்தையும் பார்க்க வேண்டும். அரசு அனுமதிப்பத்திரம் கொடுத்து வழங்கிய காணியை விருப்பம்போல் கைமாற்ற முடியாது. பிரதேச செயலகத்தின் அனுமதி தேவை. அதன் விலையை உறுதிக் காணியின் விலையோடு வைத்து மலிவு என்று மகிழ்பவர், முற்பணம் கொடுக்கும் முன் காணிப் பதிவகத்தில் தோம்பையும் (காணியின் உரித்துப் பதிவேடு), பிரதேச செயலகத்தில் அனுமதிப்பத்திர விபரத்தையும் நேரில் பார்த்துவிட வேண்டும்.