வன்னியில் வீடு கட்டுமுன் மண்ணைச் சோதிப்பது எப்படி?

வீடு கட்டப் போகிறவர்கள் மேசனிடம் முதலில் கேட்பது "அத்திவாரம் எத்தனை அடி?" என்றுதான். அது எந்த மண்ணில் இருக்கப் போகிறது என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. வவுனியா, மாங்குளம் பக்கத்து மேட்டுக்காணிகளில் செங்கபில மண். குளத்துக்குக் கீழே வயலோரம் போனால் சாம்பல் நிறக் களி. முருங்கனில் கருங்களி, முல்லைத்தீவுக் கரையோரம் மணல். பக்கத்து ஊர் வீட்டின் அத்திவார அளவை அப்படியே இங்கே கொண்டு வந்து போட்டால் அது பொருந்த வேண்டும் என்றில்லை.

முதலில், வீட்டின் பாரம்

ஒரு மீற்றர் நீளச் சுவரை எடுத்துக்கொள்வோம். 6 அங்குலப் புளொக் கல், 3 மீற்றர் உயரம், இரண்டு பக்கமும் பூச்சு: ஏறக்குறைய 1.1 தொன். அதன் மேல் வரும் ஓட்டுக்கூரையின் பங்கு 0.3 தொன். 60 சென்ரிமீற்றர் அகலம், 75 சென்ரிமீற்றர் உயரமான கருங்கல் அத்திவாரம் இன்னொரு 1.1 தொன். எல்லாமாக 2.5 தொன். அத்திவார அகலமான 0.6 மீற்றரால் பிரித்தால், ஒரு சதுர மீற்றர் மண்ணில் 4 தொன்னுக்குச் சற்று மேல்.

இப்போது மண்ணின் பக்கம் வருவோம். பிரித்தானியத் தரநூலான பி.எஸ். 8004 இன் 1986 பதிப்பு ஆரம்ப மதிப்பீட்டுக்குத் தந்த அளவுகள் இவை: மென்களி சதுர மீற்றருக்கு 7.5 தொன்னுக்குக் கீழ், நடுத்தரக் களி 7.5 முதல் 15, இறுகிய களி 15 முதல் 30, தளர்ந்த மணல் 10க்குக் கீழ், நடுத்தர இறுக்கமான மணல் 10 முதல் 30.

ஆக, மாடியில்லாத வீட்டை நடுத்தர மண்ணே தாராளமாகத் தாங்கும். பிறகு ஏன் இத்தனை வீடுகளில் சுவர் வெடிக்கிறது? பெரும்பாலும் பாரத்தால் இல்லை. வீட்டின் ஒரு மூலை இறங்கி மற்ற மூலை அப்படியே நிற்பதாலும், களி மாரியில் ஊதிக் கோடையில் சுருங்குவதாலும்தான். நீங்கள் தேட வேண்டியது இந்த இரண்டையும்தான்.

கிடங்கு வெட்டிப் பாருங்கள்

ஒரு கிடங்கு போதாது. வீட்டின் நான்கு மூலைகளுக்கும் கிட்ட ஒவ்வொன்றாக வெட்டுங்கள். அத்திவாரத்தின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு ஆழத்துக்காவது அடியிலுள்ள மண்ணும் பாரத்தை உணரும். அதனால் இரண்டடி அகலமும் இரண்டரை அடி ஆழமுமான அத்திவாரத்துக்கு 6 அடிக் கிடங்கு வேண்டும். 4 அடிக்கு மேல் போனால் ஓரங்களைச் சரிவாக வெட்டுங்கள். தனியாக உள்ளே இறங்க வேண்டாம்.

மாரி மழை ஓய்ந்த தை, மாசியில் வெட்டுவதே நல்லது. ஆவணியில் எந்தக் களியும் கல்லுப் போலத்தான் இருக்கும், அதை நம்பி ஏமாறாதீர்கள். கோடையில்தான் வெட்ட முடியுமென்றால் கிடங்கில் தண்ணீர் நிரப்பி, ஒரு இரவு ஊறவிட்டுப் பாருங்கள்.

ஊறிய களியில் ஒரு கட்டியை எடுத்து விரலால் அமத்துங்கள். மெதுவாக அமத்தவே உருமாறினால் மென்களி. பலமாக அமத்தினால்தான் உருமாறும் என்றால் நடுத்தரம். விரலால் பிசைய முடியாமல் பெருவிரல் தடம் மட்டும் பதிந்தால் இறுகிய களி. மணலென்றால் 2 அங்குலக் கட்டையை அடித்துப் பாருங்கள். சும்மா இறங்கினால் அது தளர்ந்த மணல்.

எங்கள் பக்கத்தில் கட்டாயம் பார்க்க வேண்டிய இன்னொன்று, மூடிய பங்கர். பல காணிகளில் பங்கரும் பதுங்குகுழியும் பழைய கிணறும் மண் தள்ளி மூடப்பட்டுக் கிடக்கின்றன. மேலே புல் முளைத்துவிட்டால் அடையாளமே தெரியாது. அலவாங்கு ஓரிடத்தில் மட்டும் இலகுவாக இறங்கினால், மண்ணின் நிறம் கலந்திருந்தால், உள்ளே தகரமோ பனங்குற்றியோ வந்தால், அந்த நிரவல் முழுவதையும் அள்ளிவிட்டுக் கிறவலை அரை அடிப் படைகளாகப் போட்டு இடித்து நிரப்ப வேண்டும். சந்தேகமான இரும்பு எதுவும் தட்டுப்பட்டால் கை வைக்காதீர்கள். வேலையை நிறுத்தி எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் பொலிஸுக்குச் சொல்லுங்கள். புற்று இருந்த இடத்தையும் அடிவரை தோண்டிவிடுங்கள்.

களி ஊதுமா?

காய்ந்த மண்ணைப் பொடியாக்கி அரிதட்டில் மென்மையாக அரியுங்கள். ஒரே மாதிரி இரண்டு கண்ணாடிக் குவளைகளில் ஒரே அளவு பொடி போட்டு, ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கலக்கி ஒரு நாள் விடுங்கள். மண்ணெண்ணெயில் களி ஊதாது. அதில் 2 சென்ரிமீற்றர் படிந்து, தண்ணீரில் 3 சென்ரிமீற்றர் நின்றால் 50 சதவீத ஊதல். அது மோசமான களி. 20 சதவீதத்துக்குக் கீழ் என்றால் பயமில்லை. ஆய்வுகூடச் சோதனையின் வீட்டு வடிவம்தான் இது, ஆனாலும் முருங்கன் கருங்களியையும் செங்கபில மண்ணையும் பிரித்துக் காட்ட இது போதும்.

என்ன செய்யலாம்?

ஊதும் களியென்றால் அத்திவாரத்துக்குக் கீழ் அதை அகற்றிக் கிறவல் போடுங்கள். எல்லாச் சுவர்களுக்கும் அடியில் அறுபடாமல் ஓடும் கம்பி கட்டிய கொங்கிறீற்று பீம் கட்டாயம். காசு குறைவென்றால் மாபிளைப் பிறகு பதிக்கலாம், பீமைப் பிறகு போட முடியாது. மூலையில் கம்பிகளை முட்டவிட்டு நிறுத்தாமல், வளைத்து அடுத்த சுவருக்குள் ஓடவிடச் சொல்லுங்கள். கூரைத்தண்ணீர் அத்திவாரத்தடியில் விழாமல் பீலி, சுற்றிவர 3 அடிச் சீமெந்துத் தளம். வேம்பு சுவரோடு வேண்டாம்.

மணல் காணியில் மாரியில் தண்ணீர் எந்த மட்டத்துக்கு வருகிறது என்று கிணற்றைப் பாருங்கள். அத்திவார அடிமட்டத்தைத் தண்ணீர் தொட்டால் மணலின் தாங்குதிறன் ஏறக்குறையப் பாதியாகிவிடும்.

மேல்மாடி எண்ணம் இருந்தால் கணக்கே வேறு. தட்டும் மேல்சுவரும் சேர்ந்து அதே ஒரு மீற்றர் சுவரில் 2.2 தொன்னைக் கூட்டும். சதுர மீற்றருக்கு 8 தொன்னை நெருங்கும். அதற்கும், நிரப்பிய வயற்காணிக்கும் கைச்சோதனையை நம்ப வேண்டாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடத்தில் மண்பரிசோதனை செய்து, அறிக்கையோடு பொறியியலாளரிடம் போங்கள்.