சிங்கவால் குரங்கைக் காப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத சிங்கவால் குரங்கு, மழைக்காட்டின் உச்சிக் கிளைகளிலேயே பிறந்து, உண்டு, உறங்கி, தரையை அரிதாகவே தொட்டு வாழும் விலங்கு. சோலைமந்தி என்றும் அழைக்கப்படும் அதற்குக் காடு என்பது கிளையோடு கிளை தொடும் பாதைதான். இதை மறப்பதிலிருந்தே பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

அவற்றுள் மிகவும் கொடியது உணவு கொடுப்பது. வால்பாறைச் சாலையில் வண்டியை நிறுத்தி, பாவமென்று ஒரு வாழைப்பழத்தையோ பிஸ்கட்டையோ நீட்டுகிறவர், வண்டி நின்றால் தின்பண்டம் கிடைக்கும் என்ற பாடத்தை அந்தக் கூட்டத்துக்குக் கற்பித்துவிட்டுப் போகிறார். தாய் இறங்குவதைப் பார்த்துக் குட்டியும் இறங்கப் பழகுகிறது. அடுத்து வரும் வண்டி நிற்பதில்லை. ஒரு பெண் குரங்கு பெரும்பாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டியைத்தான் ஈனும் என்பதால், சாலையில் அடிபட்டு இறக்கும் ஒரு தாயின் இழப்பை ஈடுகட்டக் கூட்டத்துக்குப் பல ஆண்டுகள் ஆகும். மூடாத குப்பைத் தொட்டியும் இதே கேட்டைத்தான் செய்கிறது.

காப்பகத்தின் எல்லையோடு பாதுகாப்பு முடிந்துவிடுவதாக நினைப்பதும் தவறு. ஆனைமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய வால்பாறை மேட்டுநிலத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, தனியாருக்குச் சொந்தமான புதுத்தோட்டம் என்ற ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவான காட்டுத் துண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட சிங்கவால் குரங்குகள் வாழ்கின்றன. எண்ணிக்கையை மட்டும் பார்த்து, அவை நலமாக இருப்பதாக முடிவு செய்துவிடக் கூடாது. வளர்ந்த ஆண் குரங்கு வேறு கூட்டம் தேடிப் போக மரவழி இல்லையென்றால், இரத்தக் கலப்பு குறுகிக்கொண்டே போகும். காட்டில் இரை போதாதபோது அவை வீட்டுக் கூரைகளுக்கு வருகின்றன. அப்படி வருகிறவற்றைப் பிடித்து வேறு காட்டில் விடுவது தீர்வாகாது. அங்கே ஏற்கெனவே வாழும் கூட்டத்தோடு மோதலும், பழக்கமில்லாத இடத்தில் இரை தேடும் அவதியுமே மிஞ்சும்.

சாலையின் இருபுறமும் கிளைகளை வெட்டிவிட்டு, குறுக்கே ஒரு தொங்கு பாலம் கட்டினால் போதும் என்றும் எண்ணக் கூடாது. பழைய தீயணைப்புக் குழாய்களைப் பின்னி மரத்துக்கு மரம் கட்டிய பாலங்களை வால்பாறையில் குரங்குகள் உண்மையாகவே பயன்படுத்துகின்றன; ஆயினும் அவை வழக்கமாகக் கடக்கும் இடத்தை நாள்கணக்கில் கவனித்த பிறகே பாலம் அமைக்க வேண்டும், கட்டுகள் தளர்ந்தனவா என்று அவ்வப்போது பார்க்கவும் வேண்டும். மரம் நடும்போது விரைவில் வளர்கிறது என்பதற்காகச் சில்வர் ஓக்கைத் தேர்ந்தெடுப்பவர்கள், சிங்கவால் குரங்குக்கு அதில் தின்னப் பழமில்லை என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. மெதுவாக வளர்ந்தாலும் வெடிபலா போன்ற சோலை மரங்களையே நட வேண்டும். எந்த மரம் எப்போது காய்க்கும் என்பதைத் தலைமுறைகளாக அறிந்த காடர் பழங்குடி மக்களைக் கேட்காமல், நட வேண்டிய மரங்களின் பட்டியலைத் தயாரிக்கக் கூடாது.