மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு, ஏசிக்கு 26

வேலூரில் எங்கள் வீடு மேல்மாடி. 2023 மே மாதம் இரவு ஒன்பது மணிக்கு ஸ்டூலில் ஏறி உள்கூரையைத் தொட்டுப் பார்த்தேன், தோசைக்கல் ஆறாத மாதிரி சுட்டது. பகல் முழுக்கக் குடித்த வெயிலைக் கான்கிரீட் இரவில்தான் கீழே இறக்குகிறது. ஏசி அந்தச் சூட்டோடுதான் விடிய விடிய மல்லுக்கட்டியது. இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டியது. தாண்டினால் கட்டண விகிதமே ஏறிவிடும், அதுதான் வலித்தது.

அடுத்த பிப்ரவரியில் மாடியைத் தேய்த்துக் கழுவினேன். கிளிஞ்சல் சுண்ணாம்பை ராத்திரி ஊறவைத்து, பழைய வேட்டியில் வடிகட்டி, பெவிகால் கலந்து சாயங்காலம் இரண்டு பூச்சு. பெவிகால் இல்லாவிட்டால் காலில் வெள்ளையாக ஒட்டும். வெறுங்கண்ணோடு பூசாதீர்கள், தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. மழைக்குப் பிறகு மங்கிவிடும், வருஷா வருஷம் பூச வேண்டும்.

அப்புறம் ஏசி ஃபில்டர். கழற்றினால் கம்பளி மாதிரி தூசி! இப்போது பதினைந்து நாளுக்கு ஒருமுறை குழாயடியில் காட்டிக் கழுவுகிறேன். 20-இல் வைத்திருந்ததை 26 ஆக்கி, மின்விசிறியையும் மெதுவாக ஓடவிட்டோம். முதலில் முணுமுணுத்த அம்மாவே இப்போது நடுராத்திரியில் ஏசியை அணைத்துவிடுகிறார். அந்தக் கோடையில் கணக்கு 430 யூனிட்டில் நின்றது.