மீமின்தேக்கிக்கான மின்முனைக் கரியைச் செம்மைப்படுத்தும் முறை

கரி மின்முனைகளின் பரப்பில் அயனிகளை ஈர்த்துவைத்து மின்னாற்றலைச் சேமிக்கும் கருவியே மீமின்தேக்கி (supercapacitor). அதில் சேமிக்கப்படும் ஆற்றல் மின்னழுத்தத்தின் இருபடியைப் பொறுத்து உயர்வதால், கரியைத் தொடுவதற்கு முன்பே மின்பகுளியை, அதாவது அயனிகள் கரைந்த திரவத்தை, முடிவுசெய்துவிட வேண்டும். நீர்க்கரைசலில் ஏறத்தாழ 1 வோல்ட்டோடு நின்றுவிடும் கலம், அசிட்டோநைட்ரைல் கரைப்பானில் 2.7 வோல்ட் வரை தாங்கும். மின்தேக்குதிறன் (ஒரு வோல்ட்டுக்குச் சேரும் மின்னூட்டம்) சற்றுக் குறைந்தாலும் ஆதாயம் பெரிது.

அடுத்தது துளை. கிராமுக்கு 2,000 சதுர மீட்டர் பரப்பு என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அயனி நுழைய முடியாத துளையின் பரப்பால் பயன் எதுவும் இல்லை. 1 நானோமீட்டருக்கும் குறுகிய துளைகளுக்குள் அயனிகள் தம்மைச் சூழ்ந்த கரைப்பான் உறையை ஓரளவு களைந்துவிட்டு நுழைவதால் மின்தேக்குதிறன் கூடுகிறது என்று 2006இல் கண்டறியப்பட்டது. அத்தகைய துளைகளோடு, அயனிகள் விரைந்து சென்றுவர 2 நானோமீட்டருக்கு மேற்பட்ட வழித்துளைகளும் சிறிது வேண்டும்.

இத்துளைகளை உண்டாக்க, கரித்தூளின் எடையைப்போல் மூன்று அல்லது நான்கு மடங்கு பொட்டாசியம் ஹைட்ராக்சைடைக் கலந்து, நிக்கல் மூசையில் (உலைக்கிண்ணத்தில்) இட்டு, ஆர்கான் வாயு ஓடும் உலையில் 700 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை ஓரிரு மணி நேரம் சூடாக்குவது வழக்கம். இந்த வெப்பத்தில் உலோகப் பொட்டாசியம் உருவாகக்கூடும். ஆகவே உலை முழுவதும் ஆறும்வரை ஆர்கானை நிறுத்தக் கூடாது. அதன்பின்னும் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகவே சேர்க்க வேண்டும், அவசரப்பட்டால் தீப்பற்றும். பின்னர் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தாலும், வடிநீர் நடுநிலைக்கு வரும்வரை தூய நீராலும் கழுவ வேண்டும். பலர் அலுத்துப்போய் விட்டுவிடும் இடம் இதுதான். எஞ்சிய உப்பும் பரப்பில் ஒட்டிய ஆக்சிஜன் தொகுதிகளும் பின்னாளில் வாயுவை வெளியேற்றிக் கலத்தை உப்பவைக்கும். அசிட்டோநைட்ரைல் போன்ற கரிமக் கரைப்பானாலான மின்பகுளிக்கான கரியை மந்த வாயுவில் மீண்டும் ஒருமுறை சூடாக்கி அத்தொகுதிகளைக் குறைப்பது நல்லது.

மாங்கனீசு டைஆக்சைடு போன்ற ஆக்சைடுகளின் கோட்பாட்டு மின்தேக்குதிறன் மிக அதிகம். ஆயினும் அவை மின்சாரத்தைச் சரிவரக் கடத்துவதில்லை என்பதால், கரியின் மேல் மெல்லிய படலமாகப் படியவைத்தால்தான் பயன் தரும்.

கரி, மின்சாரம் கடத்தும் கரித்தூள், துகள்களை ஒட்டவைக்கும் பிணைப்பான் ஆகியவற்றை 80:10:10 விகிதத்தில் குழம்பாக்கி அலுமினியத் தகட்டில் பூசலாம். உலர்ந்த படலம் சேற்று நிலம்போல் வெடித்தால் கரைப்பான் மிக வேகமாக ஆவியாகிவிட்டது என்று பொருள். வெப்பத்தைக் குறைத்து உலர்த்த வேண்டும்.

சோதனையில், சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிகிராம் பூசிய மெல்லிய மின்முனை காட்டும் மின்தேக்குதிறன் அளவை நான் நம்புவதில்லை. 10 மில்லிகிராம் அளவுக்குப் பூசி, இரு மின்முனைக் கலத்தில், முழு மின்னழுத்தத்திலேயே பல நூறு மணி நேரம் நிறுத்திவைத்து, அதன் பிறகு எஞ்சும் மின்தேக்குதிறனை அளக்க வேண்டும்.