டீச்சருக்கு ஒரு நன்றிப் புத்தகம்: வகுப்புப் பிள்ளைகளின் கடிதங்களை நாமே தைப்பது எப்படி?

முழு ஆண்டுத் தேர்வு நெருங்கினால் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் "மிஸ்ஸுக்கு என்ன வாங்கலாம்?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். காபி கப், சுவர்க் கடிகாரம், புடவை என்று பட்டியல் நீளும். அப்புறம் ஆளுக்கு இவ்வளவு என்று வசூல். கொடுக்க முடியாத வீடுகள் பேசாமல் இருந்துவிடும். பிள்ளைக்கோ அந்தப் பரிசில் ஒரு வேலையும் இல்லை.

என் மகளின் மூன்றாம் வகுப்புக்காக நாங்கள் செய்தது ஒரு புத்தகம். பிள்ளைக்கு ஒரு தாள், அதில் அவரவர் கையெழுத்து, அத்தனையும் சேர்த்து நூலால் தைத்தது. மொத்தச் செலவு 200 ரூபாய்க்குள் அடங்கியது. அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குத் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் (1973) பொருந்தும், பரிசு வாங்க அதில் கட்டுப்பாடு இருக்கிறது. தனியார் பள்ளிகளிலும் பரிசு வேண்டாம் என்று சுற்றறிக்கை வருவதுண்டு. பிள்ளைகளின் கடிதங்களை வாங்கிக்கொள்ள எந்த ஆசிரியருக்கும் சங்கடம் இருக்காது.

செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்திலேயே இதைச் செய்யலாமே என்று சிலர் கேட்டார்கள். ஜூனில் வகுப்புக்கு வந்த பிள்ளைக்கு அப்போது மூன்று மாதப் பழக்கம்தான். ஏப்ரலில் எழுதச் சொன்னால் சொல்வதற்கு ஒரு வருடத்து விஷயம் இருக்கும். அதனால் என் ஓட்டு ஆண்டு இறுதிக்குத்தான். கடைசித் தேர்வுக்கு மூன்று வாரம் முன்பே தொடங்கிவிடுங்கள். இதற்குத் தனி வாட்ஸ்அப் குழு வையுங்கள், பழைய குழுவில் டீச்சரும் இருக்கக்கூடும்.

தேவையானவை

100 ஜிஎஸ்எம் ஏ4 தாள் (ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை; சாதாரண ஜெராக்ஸ் தாள் 75 அல்லது 80 ஜிஎஸ்எம், எழுத்து பின்பக்கம் தெரியும்). அட்டைக்கு 250 அல்லது 300 ஜிஎஸ்எம் ஐவரி போர்டு. குத்தூசி, கோணி ஊசி, கொஞ்சம் தடித்த பருத்தி நூல், மெழுகுவர்த்தித் துண்டு, நான்கு பைண்டர் கிளிப், இரும்பு ஸ்கேல், தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனா ஒன்று, பழைய ரப்பர் செருப்பு ஒன்று. செருப்பு எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

நூல் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. குரோஷே பின்னும் பருத்தி நூல்தான் சரி. தையல் மெஷின் நூல் மெல்லியது, தாளை அறுத்துவிடும். நைலான் நூலில் முடிச்சு நிற்காது. சாட்டின் ரிப்பன் பார்க்க அழகு, நாலு தடவை புரட்டினால் தளர்ந்துவிடும்.

1. தாளைப் படுக்கை வசத்தில் வைத்துக்கொள்ளுங்கள்

ஏ4 தாளைக் குறுக்கே பாதியாக வெட்டினால் 21 x 14.8 செ.மீ. அளவில் இரண்டு தாள் கிடைக்கும். இதை நிமிர்த்தி வைக்காமல் படுக்கை வசத்தில், ஆல்பம் மாதிரி வைத்து, இடது ஓரத்தில் உள்ள 14.8 செ.மீ. பக்கத்தில் தைக்கப்போகிறோம்.

இதற்குக் காரணம் உண்டு. காகிதத்தில் நார்கள் ஒரு திசையில் ஓடும். ஜெராக்ஸ் ஏ4 தாளில் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். பாதியாக வெட்டிய பிறகு அதே நார், சின்னத் தாளின் குட்டைப் பக்கத்துக்கு இணையாக இருக்கும். தையலும் நாரும் ஒரே திசையில் இருந்தால் பக்கம் மெத்தென்று புரளும். குறுக்கே இருந்தால் விறைப்பாக எழுந்து நிற்கும். சந்தேகம் என்றால் தாளை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ, மடிப்பு விழும் அந்தக் கோட்டின் திசையில்தான் நார் ஓடுகிறது.

வெட்டுவதை ஜெராக்ஸ் கடையிலேயே மெஷினில் செய்துகொள்ளுங்கள். கையால் வெட்டினால் தாளுக்குத் தாள் ஒரு மில்லிமீட்டர் மாறும். தைத்த பிறகு விளிம்பு பல்லிளிக்கும். ஆனால் வெட்டும் முன் அடுத்த வேலையை முடிக்க வேண்டும்.

2. ஓரம் விடுவது: மொத்த வேலையும் இதில்தான் இருக்கிறது

பிள்ளைகள் தாளின் விளிம்பு வரை எழுதுவார்கள். சூரியனை மூலையில் போடுவார்கள், பெயரை இடது ஓரத்தில் செங்குத்தாக எழுதுவார்கள். இந்தத் தையலில் இடது ஓரம் 3 செ.மீ. உள்ளே போய்விடும். "இடது பக்கம் இடம் விட்டு எழுதச் சொல்லுங்கள்" என்று குழுவில் செய்தி போட்டால் பாதி வீடுகளில் மறந்துவிடுவார்கள், மீதியில் பிள்ளை தாளைத் தலைகீழாகத் திருப்பிவிடும், ஓரம் வலது பக்கம் போய்விடும். வந்த தாளை மறுபடி எழுதச் சொல்லவும் மனசு வராது. பிள்ளை முதல் தடவை எழுதியதுதான் எழுத்து.

அதனால் ஓரத்தை அச்சிலேயே போட்டுவிடுங்கள். ஒரு ஏ4 தாளில், இரண்டு பாதியிலும், இடது பக்கம் 3 செ.மீ., மற்ற மூன்று பக்கமும் 1 செ.மீ. விட்டு ஒரு கட்டம் வரையுங்கள். கட்டத்துக்கு மேலே கேள்வியை எழுதுங்கள். கேள்வி இருப்பதால் எது மேல்பக்கம் என்பதில் குழப்பம் வராது. கீழே சிறிய எழுத்தில் "பின்பக்கம் எழுத வேண்டாம்". இதை 100 ஜிஎஸ்எம் தாளில் நகல் எடுத்து அப்புறம் வெட்டச் சொல்லுங்கள். பிள்ளைகளின் எண்ணிக்கையைவிடப் பத்துத் தாள் கூடுதலாக எடுங்கள். சாம்பார் கொட்டும், தம்பி கிழிப்பான்.

3. கேள்வி

"மிஸ் பற்றி எழுது" என்று சொன்னால் எல்லாத் தாளிலும் "எங்கள் மிஸ் மிகவும் நல்லவர், நன்றாகப் பாடம் நடத்துவார்" என்று வந்து நிற்கும். அது பரீட்சைக் கட்டுரை. பிள்ளை கண்ணால் பார்த்த ஒன்றைக் கேட்க வேண்டும். எங்களுக்குப் பலன் கொடுத்தவை:

மிஸ் உனக்கு மட்டும் செய்த உதவி ஒன்று சொல்.
மிஸ் எப்போது ரொம்பச் சிரித்தார்?
முதலில் உனக்குப் புரியாமல் இருந்து, மிஸ் சொல்லிக் கொடுத்த பிறகு புரிந்தது எது?

ஒரு தாளுக்கு ஒரு கேள்வி போதும். மூன்றையும் வகுப்பில் பிரித்துக் கொடுத்தால் புத்தகம் சலிக்காது. ஒரு பையன் எழுதியிருந்தான்: "மழை அன்னிக்கி என் சாக்ஸ் நனஞ்சிடுச்சு. மிஸ் அத கழட்டி சன்னல்ல காயப் போட்டாங்க. மத்தியானம் சூடா இருந்துச்சு." அதற்குக் கீழே ஜன்னலும் இரண்டு சாக்ஸும். இதைக் கடையில் வாங்க முடியுமா?

பெற்றோரிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: எழுத்துப் பிழையைத் திருத்தாதீர்கள், நீங்கள் சொல்லச் சொல்ல எழுத வைக்காதீர்கள். ணகர னகரம் மாறினால் மாறட்டும். வருடம் முழுக்க அந்த நோட்டுகளைத் திருத்தியவர் டீச்சர், யார் கையெழுத்து, யார் பிழை என்று பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவார். எழுத வராத சின்னப் பிள்ளை படம் வரையட்டும். அது சொன்னதைப் பெரியவர்கள் கீழே அப்படியே, சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள்.

பென்சிலும் கலர் பென்சிலும் போதும். ஸ்கெட்ச் பேனா ஊறிப் பின்பக்கம் வரும், கிரேயான் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். ஜிகினா வேண்டவே வேண்டாம்.

தாளை வெள்ளிக்கிழமை கொடுங்கள், திங்கட்கிழமை வாங்குங்கள். அதற்கு மேல் நாள் விட்டால் தொலைந்துபோகும்.

4. துளை

அட்டையை உள்தாள் அளவுக்கே இரண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். மேலட்டையின் உள்பக்கம், தைக்கப்போகும் விளிம்பிலிருந்து 2 செ.மீ. தள்ளி, ஸ்கேலை வைத்து, தீர்ந்துபோன பேனாவால் அழுத்தி ஒரு கோடு இழுங்கள். அட்டை அந்தக் கோட்டில் மடங்கித் திறக்கும். இல்லாவிட்டால் திறக்கும்போதெல்லாம் தையலைப் பிடித்து இழுக்கும்.

அளவுக்கு ஒரு அட்டைத் துண்டு தயார் செய்யுங்கள்: நீளம் 14.8 செ.மீ. அதில் மேலிருந்து 1.4, 5.4, 9.4, 13.4 செ.மீ. என்று நான்கு புள்ளி, எல்லாமே விளிம்பிலிருந்து 1.2 செ.மீ. உள்ளே. முப்பது தாளையும் ஒரே குத்தில் குத்த முயன்றால் ஊசி சாய்ந்து, மேலே ஒரு இடமும் அடியில் வேறு இடமுமாகத் துளை விழும். எட்டு பத்துத் தாளாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டையும் விளிம்பு தட்டிச் சமன்செய்து கிளிப் போட்டு, அட்டைத் துண்டை மேலே வைத்து, குத்தூசியை நேராக நிறுத்திக் குத்துங்கள். அடியில் ரப்பர் செருப்பு இருந்தால் ஊசி முனை அதில் இறங்கும், மேஜையும் தப்பிக்கும். ஒரு துளையில் நூல் மூன்று தடவை போக வேண்டும், அதற்குத் தகுந்த அகலம் வேண்டும். பஞ்சிங் மெஷின் போடும் ஓட்டை மிகப் பெரியது, அதில் நூல் ஆடும். இந்த வேலையைப் பெரியவர்களே செய்யுங்கள்.

5. தையல்

நூல் ஒரு மீட்டர் தாராளம். மெழுகுவர்த்தியின் மேல் இரண்டு மூன்று தடவை இழுத்தால் சிக்கு விழாது. துளைகளுக்கு மேலிருந்து 1, 2, 3, 4 என்று பெயர் வைத்துக்கொள்வோம். புத்தகத்தைக் கிளிப் போட்டு இறுக்கிவிட்டு:

பின்னட்டைப் பக்கமிருந்து 2-இல் ஊசியை ஏற்றுங்கள். வால் பத்து செ.மீ. பின்னால் தொங்கட்டும். நூலைப் புத்தகத்தின் முதுகை, அதாவது தைக்கும் விளிம்பைச் சுற்றிப் பின்னால் கொண்டுபோய் மறுபடி 2-இல் ஏற்றுங்கள்.

மேலட்டையின் மீது நகர்ந்து 3-இல் இறக்குங்கள். முதுகைச் சுற்றி மேலே வந்து மறுபடி 3-இல் இறக்குங்கள்.

பின்பக்கமாக 4-க்குப் போய் ஏற்றுங்கள். முதுகைச் சுற்றி மறுபடி 4-இல் ஏற்றுங்கள். அடுத்து புத்தகத்தின் அடி விளிம்பைச் சுற்றி இன்னொரு தடவை 4-இல் ஏற்றுங்கள்.

இனித் திரும்பும் பயணம். மேலட்டையின் மீது 3-க்கு வந்து இறக்குங்கள், பின்பக்கமாக 2-க்குப் போய் ஏற்றுங்கள். இங்கே முதுகைச் சுற்றக் கூடாது, விட்ட இடைவெளியை நிரப்புகிறோம், அவ்வளவுதான். பலர் இந்த இடத்தில் பழக்கத்தில் இன்னொரு சுற்றுச் சுற்றி விடுகிறார்கள். அப்படிச் செய்தால் அந்தத் துளையில் மட்டும் இரட்டைக் கோடு தெரியும்.

மேலட்டையின் மீது 1-க்குப் போய் இறக்குங்கள். முதுகைச் சுற்றி 1-இல் இறக்கி, பிறகு மேல் விளிம்பைச் சுற்றி மறுபடி 1-இல் இறக்குங்கள். பின்பக்கமாக 2-க்கு வந்தால் அங்கே வால் காத்திருக்கும். இரண்டையும் இழுத்து இரட்டை முடிச்சுப் போட்டு, மிச்சத்தை வெட்டி, நுனியைத் துளைக்குள் ஊசியால் தள்ளிவிடுங்கள். முடிச்சில் ஒரு பொட்டு ஃபெவிகால்.

ஒவ்வொரு அடியிலும் நூலை முதுகுக்கு இணையாக இழுங்கள். மேல்நோக்கி இழுத்தால் துளை கிழியும். ஜப்பானில் பல நூற்றாண்டுகளாகப் புத்தகங்களை இப்படித்தான் தைத்தார்கள். முதுகில் பசை இல்லாததால் நம் ஊர் வெயிலில் இளகாது, வெள்ளிமீன் பூச்சிக்குத் தின்னப் பசையும் கிடைக்காது.

மேலட்டையில் வகுப்பு, பிரிவு, கல்வியாண்டு மட்டும் எழுதுங்கள். டீச்சரின் புகைப்படம் ஒட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் முகம் அவருக்குத் தெரியும், பிள்ளைகளின் எழுத்துதான் அவருக்குப் புதிது.

பின்சேர்க்கை 1. "வகுப்பு முழுக்கச் சேரவில்லை, என் பிள்ளை மட்டும் கொடுக்க வேண்டும்" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். இரண்டு ஏ4 தாளை ஒன்றாக நடுவில் மடித்தால் எட்டுப் பக்கச் சின்னப் புத்தகம் ஆகிவிடும். மடிப்பில் மூன்று துளை. உள்ளேயிருந்து நடுத்துளையில் வெளியே, மேல் துளையில் உள்ளே, கீழ்த் துளையில் வெளியே, நடுத்துளையில் மறுபடி உள்ளே. நடுவில் ஓடும் நீள நூலின் இரு பக்கமும் நுனிகளை வைத்து முடிச்சிடுங்கள். இதில் மடிப்பிலிருந்து 1 செ.மீ. விட்டால் போதும்.

பின்சேர்க்கை 2. ஆயாம்மாவுக்கும் வேன் அண்ணாவுக்கும் செய்யலாமா என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். கட்டாயம் செய்யுங்கள். அவர்களுக்குத் தமிழில் எழுதச் சொல்லுங்கள், எழுத்தும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். எங்கள் தெரு வேனில் வரும் ஏழு பிள்ளைகள் சேர்ந்து மேலே சொன்ன சின்னப் புத்தகத்தைச் செய்தார்கள்.

பின்சேர்க்கை 3. தைத்து முடித்த மறுநாள் ஒரு தாள் வந்து சேர்ந்தால் என்ன செய்வது? இது எல்லா வகுப்பிலும் நடக்கும். பின்னட்டையின் உள்பக்கம் ஒரு காகித உறையை, வாய் மேலே இருக்கும்படி, மூன்று பக்கம் பசை தடவி ஒட்டிவிடுங்கள். தாமதமாக வந்த தாளை ஓரத்தில் 3 செ.மீ. வெட்டிவிட்டு அதில் செருகுங்கள். உறையைத் தைப்பதற்கு முன்பே ஒட்டிவைத்துக்கொள்வது இன்னும் வசதி.